கைதட்டலுக்கு நடுவே வந்த ஊர்ப்பெயர்

என் தங்கை மகள் கவிதா சமீபத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த ஜோரில் செஞ்சிக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து செல்போனை நீட்டினாள். மனு கொடுக்க வந்த ஒரு பெண்மணி அழுதுகொண்டே பேசுகிறார். கீழே அவருடைய பெயர், ஊர், கூடவே சோகமான பாட்டு. "எத்தனை பேர் பாத்திருக்காங்க பாருங்க பெரியம்மா" என்றாள். என் கண் அந்தப் பெண்மணிக்குப் பின்னால், வாசற்படியில் கைகட்டி நின்ற ஓர் ஆளிடம் போனது. அவர் யார்? புருஷனா, அண்ணனா, சும்மா வேடிக்கை பார்க்கிறவரா?

"இத முதல்ல எடுத்துடு" என்றேன்.

"எதுக்கு? அவங்களே சரின்னுதான் சொன்னாங்க."

அன்று அவளுக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் குழறும். ஆகவே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னாலும் சொல்லட்டும். நான் பயந்தாங்கொள்ளிதான். அந்த நாற்காலியில் அத்தனை வருஷம் என்னை ஒழுங்காக உட்கார வைத்ததே அந்தப் பயம்தான்.

என் நைனாவுக்குச் செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை. கல்யாணம் கைகூடாமல் போன பெண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று தட்டச்சு படிக்க வைத்தார். ஒரு வக்கீலிடம் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தேன். பிறகு எங்கள் தொகுதிக்கு ஒரு பெண்மணி எம்.பி. ஆனார். செஞ்சியில் அலுவலகம் திறந்து, தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஆள் தேடினார். நான் போனேன். அவரை ஊரே மேடம் என்றுதான் கூப்பிட்டது. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அரசியலை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறவரை மறுபடி எதற்குச் சந்திக்கு இழுக்க வேண்டும்?

மேடத்துக்கு இரண்டே விஷயங்களில்தான் உயிர். ஒன்று பெண்கள், இன்னொன்று குழந்தைகள். வேலைக்குப் போகிற இடத்தில் கக்கூஸ் உண்டா, பட்டாவில் மனைவி பெயர் ஏன் இல்லை, அங்கன்வாடி ஓடு ஏன் ஒழுகுகிறது என்று மக்களவையில் அவர் எழுப்பாத பிரச்சினை இல்லை. எதிரில் இருக்கிறவர்கள் சிரித்தால் நிறுத்திவிடுவார். சிரிப்பு அடங்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்தே தொடங்குவார். மனு நாளில் யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். பெண்கள் வந்தால், "கூட வந்த ஆம்பளைங்க வெளிய உக்காருங்க. கூப்பிட்டா வாங்க" என்பார். பிறகு வந்த பெண்ணிடம் மூன்றே கேள்விகள். "பேரு இன்னா? ஊரு எது? இன்னா ஆச்சு?"

அந்த முதல் இரண்டு கேள்விகளுக்குக் காரணம் உண்டு. "ஒரு கிராமத்துல, ஒரு அம்மான்னு பேசினா, அமைச்சர் எழுந்து, பொத்தாம்பொதுவா பேசாதீங்கன்னு உக்கார வெச்சிடுவாரு. பேர் ஊரோட சொன்னா பதில் சொல்லித்தான் ஆகணும்" என்பார். அது நிஜம். அவர் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பேசிய அங்கன்வாடிகளுக்கு அடுத்த மழைக்குள் கூரை வந்தது.

நாடாளுமன்றத்தில் பேசுவது நாம் நினைப்பதுபோல எழுந்து நின்று பேசுவதல்ல. நேரமில்லா நேரத்தில், அதாவது ஜீரோ அவரில், பேச வேண்டுமானால் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வர வேண்டும். தமிழில் பேசப் போவதாகச் சொல்லிவைக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருப்பதற்காக. கிடைப்பது சில நிமிஷம். தாண்டினால் மைக் ஊமையாகிவிடும். அதனால் நான் செஞ்சியிலிருந்து அனுப்பும் குறிப்பு ஒரே பக்கம், பெரிய எழுத்து, ஒரு வரிக்கு ஒரு விஷயம். மேடம் முதல் பாதியை அதைப் பார்த்துத்தான் பேசுவார். கோபம் ஏறியதும் காகிதம் மேஜைக்குப் போய்விடும். அதற்கப்புறம் வருவதெல்லாம் அவர் மனதிலிருந்து வருவது. மக்களுக்குப் பிடித்ததும் அந்தப் பாதிதான்.

செஞ்சி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. எந்த ஊர் விஷயம் டெல்லியில் வரப்போகிறதோ, அந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு அலுவலகத்து டி.வி.யில் பார்க்க வைப்பது. கட்சிக்காரர் ஏழுமலை அண்ணன் ஆரம்பித்து வைத்தது. நல்ல மனுஷர், ஓயாமல் பேசுவார், கூட்டம் சேர்ப்பதென்றால் அவருக்குத் தீபாவளி. ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள். டீயும் பன்னும் கிடைக்கும். தன் ஊரின் பெயர் டெல்லியில் ஒலிக்கும் அந்த ஒரு நொடிக்குக் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். எனக்கும் அது பிடிக்கும். இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

இனிச் செல்வியின் கதை. அது அவள் பெயரில்லை. ஊரின் பெயரையும் எழுதமாட்டேன். செஞ்சியிலிருந்து டவுன் பஸ் போகிற ஊர் என்பதோடு விட்டுவிடுங்கள்.

ஒரு மனு நாளில் பள்ளிச் சீருடையோடு வந்தாள். உதவித்தொகை விஷயம் என்று வாசலில் சொல்லியிருக்கிறாள். உள்ளறைக்கு வந்ததும் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேடம் நாற்காலி போட்டு உட்காரவைத்து வழக்கம்போலக் கேட்டார். பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதாதீங்கக்கா" என்றாள் என்னிடம். நான் பேனாவை மூடிவைத்தேன்.

பத்தாவது படிக்கிற பெண். அத்தை மகனுக்குக் கட்டிவைக்க முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அத்தை புருஷன்தான் ஊரில் பெரிய கை. அவர் கேட்டு நைனாவால் மறுக்க முடியவில்லை. "எனக்குப் படிக்கணும் மேடம். கல்யாணத்த நிறுத்துங்க. ஆனா நான் வந்து சொன்னேன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா நைனா உட்டாலும் மாமா உடமாட்டாரு. எங்க பெரியப்பா பொண்ணு ஒண்ணு எவன்கூடயோ போன்ல பேசிச்சின்னு இன்னா பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். என்ன பண்ணினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

மேடம் உடனே அதிகாரிகளிடம் பேசினார். சமூகநலத் துறையும் போலீசும் போய்க் கல்யாணத்தை நிறுத்தினார்கள். பதினெட்டு வயது ஆகாமல் கட்டிவைக்கமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். செல்வியை அதே வீட்டில் விட்டுவிட்டு ஜீப் திரும்பியது. வாழையிலை, பந்தக்கால், சமையல்காரர் எல்லாம் வந்துவிட்ட வீடு. அத்தனை பேர் நடுவில், தகவல் சொன்னது யார் என்ற கேள்வி மட்டும் மிச்சம். அத்தை புருஷன் பஜாரில் வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தார். "எவன் போட்டுக் குடுத்தான்னு தெரியட்டும். அன்னிக்கு இருக்குது."

மேடத்தை அரித்தது அதுதான். "சட்டம் கல்யாணத்த நிறுத்திடுது சுகந்தி. மறுநாள் காலையில அந்தப் பொண்ணு யாருகூட உக்காந்து சாப்பிடும்? அதுக்குச் சட்டத்துல இன்னா இருக்குது?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். புகார் சொன்ன குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும், அதன் அடையாளம் அதிகாரிகள் வழியாகக்கூட வெளியே கசியக் கூடாது என்று அவையில் பேச முடிவு செய்தார். அந்த ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் பெண்பிள்ளைகள் யார் யார் போகிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னார். நான் தலைமையாசிரியருக்குப் போன் செய்து விசாரித்தேன். குறிப்பில் 'ஒரு சிறுமி' என்று மட்டும் எழுதினேன். டெல்லிக்குப் போன் போட்டு, "பேரும் ஊரும் வேண்டாம் மேடம்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

பேச்சு வரும் நாளன்று நான் அலுவலகத்துக்கு நுழைந்தபோது வாசலில் வேன் நின்றது. உள்ளே நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஏழுமலை அண்ணன் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் தலைமையாசிரியரிடம் பேசியதை அவர் காதில் வாங்கியிருக்கிறார். ஊர்ப்பெயர் காதில் விழுந்ததும் அவருக்குக் கை சும்மா இருக்குமா? "உங்க ஊர் பொண்ணுங்க படிப்பு பத்தி மேடம் பேசறாங்க, வாங்க வாங்க" என்று ஊருக்கே போன் போட்டுவிட்டார்.

முன்வரிசையில் டி.வி.யை ஒட்டிச் செல்வியின் நைனா. வேட்டியை மடித்துக்கட்டி, பன்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிசை தள்ளி அத்தை புருஷன், கூட அவருடைய ஆட்கள்.

ஏழுமலை அண்ணனை உள்ளறைக்கு இழுத்துப் போனேன். விஷயத்தை அவரிடம் முழுசாகச் சொல்லவும் முடியாது. "இவங்கள அனுப்பிடுங்கண்ணே" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? வேன் வாடகை குடுத்து வந்திருக்காங்க. இப்ப போவச் சொன்னா கட்சி இன்னா ஆவறது?"

டி.வி. கெட்டுப்போச்சு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டெல்லியில் மேடத்தின் உதவியாளருக்குப் போன் செய்தேன். மேடம் அவைக்குள் போய்விட்டார், போன் எடுக்கமாட்டார். "ஊர் பேர் கூடவே கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதி உள்ள அனுப்புங்க" என்று கெஞ்சினேன். அவையில் இருக்கிறவர்களுக்குச் சேதி போவது சீருடை போட்ட உதவியாள் கையில் போகும் சீட்டாகத்தான். அனுப்பிவிட்டேன் என்றார். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

நான் கூடத்தின் சுவரோரம் நின்றேன். டி.வி.யில் யார் யாரோ பேசினார்கள். அப்போது செல்வி பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு பாடத்தை எழுதிக்கொண்டிருப்பாள், சாயங்காலம் இந்த வேனில் வந்தவர்கள் இருக்கும் ஊருக்குத்தான் நடந்து போவாள் என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மேடம் எழுந்தார். முதலில் காகிதத்தைப் பார்த்துத்தான் பேசினார். சிறுமி, கல்யாணம், அதிகாரிகள். கூடத்தில் ஒருவரோடொருவர் பேச்சு நின்றது. அத்தை புருஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். மேடம் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதற்கப்புறம் என்ன வரும் என்று எனக்குத்தான் தெரியுமே.

காகிதம் மேஜைக்குப் போனது. "சிரிக்காதீர்கள். கற்பனைக் கதை சொல்ல நான் வரவில்லை. என் தொகுதியில், செஞ்சிக்கு அருகில்..." என்று சொல்லி, ஊரின் பெயரைச் சொல்லிவிட்டார்.

கூடம் கைதட்டியது. விஷயம் என்ன என்று யோசிக்கிறதற்கு முன்னால் கைகள் பழக்கத்தில் தட்டிவிட்டன. ஒருவன் விசில் அடித்தான். ஏழுமலை அண்ணனும் தட்டினார். அந்தச் சத்தத்துக்குள் மேடத்தின் அடுத்த வரி போனது. சுவரோரம் டி.வி.க்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "அந்தக் குழந்தையே என் அலுவலகத்துக்கு நடந்து வந்து சொன்னாள்." தட்டல் அடங்கியபோது மைக் அணைந்துவிட்டது. அவைத்தலைவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகு நாற்காலி பின்னால் போகிற சத்தம். அத்தை புருஷன் எழுந்து நின்றார்.

"நம்ம ஊட்டு விஷயத்தத்தான் பேசிச்சு அந்தம்மா. யாரோ வந்து சொன்னதா ஏதோ வந்துச்சே? கை தட்டி கெடுத்துட்டீங்களேடா! யாரு வந்து சொன்னது? யோவ் ஏழுமலை, யாருய்யா?"

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் யோசிக்கத் தெரிந்தவர். செல்வி சீருடையில் வந்து உதவித்தொகை கேட்டதை வாசலில் பார்த்தவர். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"நான்தான்."

"நீயா?"

"பஜார்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்தீங்க இல்ல. அந்தக் கடையில கண்ணுல பட்டுச்சு. பள்ளிக்கூடத்துல கேட்டேன், பொண்ணுக்கு வயசு ஆவலன்னாங்க. மேடம்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். வேற யாரும் வரல."

என் குரல் நடுங்கியது. அது பொய்யின் நடுக்கமா பயத்தின் நடுக்கமா என்று அவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனது என் நல்ல காலம். அத்தை புருஷன் பக்கத்திலிருந்த நாற்காலியை எட்டி உதைத்தார். அது வந்து என் முழங்காலில் பட்டது. "பஜார்ல கட வெச்சிருக்கிறவன் பொண்ணுதானே நீ? புருஷன் இல்ல, புள்ள இல்ல, எவ குடி கெட்டா உனக்கென்ன? இனிமே நீ எப்படி நடமாடறன்னு பாக்கறேன்" என்றார். செல்வியின் நைனா திரும்பி என்னைப் பார்த்தார், நெடுநேரம். பிறகு எழுந்து, "வா மாமா, போலாம். ஆபீஸ் பொம்பளகிட்ட இன்னா பேச்சு" என்று அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எங்கள் கடை வாசலில் சாணி கரைத்து ஊற்றினார்கள். நான் வீட்டுக்குப் போகிற தெருவில் ஒரு பைக் என் பின்னாலேயே மெதுவாக வரும், நின்றால் நிற்கும். நைனாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. போலீசுக்குப் போகலாம் என்றார் ஏழுமலை அண்ணன். போனால் விசாரிப்பார்கள், கல்யாணப் பத்திரிகை அடித்த கடைக்காரரைக் கேட்பார்கள், பொய் உடைந்துவிடும். ஆகவே போகவில்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. அந்தப் பேச்சை யாராவது எங்கேயாவது பதிவு செய்து வைத்திருந்து, கைதட்டல் இல்லாமல் போட்டுக் கேட்டுவிட்டால்? பேசாமல், அந்தப் பெண்தான் சொன்னாள், என்னை விட்டுவிடுங்கள் என்று கத்திவிடலாமா என்று எனக்கே ஒருநாள் தோன்றியது. தோன்றியதற்காக அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மேடம் ரயிலிறங்கி நேராக அலுவலகத்துக்கு வந்தார். நான் அனுப்பச் சொன்ன சீட்டு, பேச்சு முடிந்த பிறகுதான் அவர் கைக்குப் போயிருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். முழங்காலைக் காட்டச் சொன்னார், காட்டினேன். "குழந்தைய யாரும் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பேசப் போயி, நானே காட்டிக் குடுத்துட்டேன்" என்றார். ஊர்ப்பெயரையும் அடுத்த வரியையும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லி அவைத்தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். நீக்கினார்கள். எந்தப் பத்திரிகையும் அதை எடுத்துப் போடவில்லை. டெல்லியில் ஒரு சின்ன எம்.பி.யின் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை. முதல்முறையாக அதற்காகச் சந்தோஷப்பட்டேன். அன்றிலிருந்து குழந்தைகள் விஷயம் என்றால் மேடம் ஊரைக் கேட்கமாட்டார். "எனக்குத் தெரிஞ்சா வாயில வந்துடும்" என்பார்.

செல்வி அந்த வருஷம் பரீட்சை எழுதினாள். பிறகு விழுப்புரத்தில் நர்சிங் படித்தாள். ஒருதரம்கூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில் எதிரில் பார்த்தால் இருவருமே வேறு பக்கம் பார்ப்போம். அதுதான் எங்களுக்குள் இருந்த நெருக்கம்.

நான் வேலையை விட்ட பிறகு, சர்க்கரை மாத்திரைக்காக அரசு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். செல்வியின் நைனா. நரைத்துச் சுருங்கியிருந்தார். நான் எழுந்துவிடப் பார்த்தேன்.

"உக்காரும்மா. மாமா போய்ச் சேந்துட்டாரு. இனிமே பயம் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நான் டி.வி.க்குக் கிட்டத்துல உக்காந்திருந்தேன். எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

"எது கேட்டுச்சு?"

"எம்பொண்ணே வந்து சொல்லிச்சுன்னு மேடம் சொன்னது."

"அப்புறம் ஏன் ஒண்ணும் பேசல?"

"எழுந்திருச்சிட்டேன்மா. பாதி எழுந்திருச்சிட்டேன். அத்தன பேரு முன்னால மாமா கேக்கறாரு. எவன் மானம் போவுது? என்னுதுதானே. அப்பதான் நீங்க, நான்தான்னீங்க. பொய்யின்னு தெரிஞ்சுது. சரி, எல்லாரும் இத நம்பிட்டா மானத்தோட ஊட்டுக்குப் போலாம்னு உக்காந்துட்டேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், அது அவருடையது இல்லை. இன்னொரு எண்ணைக் கூப்பிட்டார்கள். "அத மட்டும் கேக்காதீங்க" என்றார்.

செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சென்னையில் வேலை, மாதாமாதம் வருகிறாள், வந்தால் அவருக்குக் கால் பிடித்துவிடுகிறாள் என்றார். சொல்லும்போது முகம் மலர்ந்தது. உடனே அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா, நீங்க பொய் சொல்லலன்னா நைனா அன்னிக்கு என்னை இன்னா பண்ணியிருப்பாருன்னு யோசிக்கும். அப்புறம் எங்கூட ஒரே ஊட்டுல படுக்காதும்மா. நீங்க எப்பவாச்சும் பாத்தா சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.